பாபநாசம் வருவதற்குள் தீர்ந்துபோன படங்கள்

நாங்கள் படம் பார்ப்பது கும்பகோணத்தில். வீடு பாபநாசத்தில். கமல் படத்தில் வந்த பாபநாசம் இல்லை, அது திருநெல்வேலிப் பக்கம். இது 108 சிவாலயம் இருக்கிற, பருத்தி ஏலம் நடக்கிற தஞ்சாவூர் ஜில்லா பாபநாசம். நாலு பேர் ஒரே வண்டியில் ஏற முடியாது என்பதால் எப்போதும் டவுன் பஸ்தான். எனக்கும் பெரியவளுக்கும் டிக்கெட் கிடையாது, இவருக்கும் சின்னவனுக்கும் மட்டும்தான் காசு. திரும்பி வரும்போது தாராசுரம், திருவலஞ்சுழி, சுந்தரப்பெருமாள் கோயில் என்று வரிசையாக நிறுத்தங்கள். படத்தைப் பற்றிய பேச்சு எந்த நிறுத்தத்தோடு அடங்குகிறதோ, அதுதான் எங்கள் வீட்டில் அந்தப் படத்துக்கு மார்க்.

விமர்சனம் எழுதும் அளவுக்கு எனக்குச் சினிமா தெரியாது. ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறேன். இவர் டிராக்டர் ஓட்டுகிறார். வருஷத்துக்கு ஆறு படம் பார்த்தால் அதிகம், அதில் பாதிக்கு மேல் கோடையில்தான். காரணம் எளிது. தாளடி அறுவடை முடிந்து, உளுந்தும் பிடுங்கி அடித்தாகிவிட்டால், பம்புசெட்காரர்கள் குறுவைக்கு அழைக்கிற வரைக்கும் டிராக்டருக்கு வேலை மந்தம். ஆறும் மணலாகக் கிடக்கும். இவர் வீட்டில் இருக்கிற மாதங்கள் அவை மட்டும்தான். நாலு டிக்கெட் 600 ரூபாய், இடைவேளையில் பாப்கார்ன், கூல்டிரிங்க்ஸ் எல்லாம் சேர்த்தால் 900 கிட்ட வருகிறது. லைனிங் வைத்த ஜாக்கெட்டுக்கு நான் வாங்குவது 300. ஆக, ஒரு படம் என்றால் மூன்று ஜாக்கெட். அந்தக் கணக்கோடுதான் ஒவ்வொரு தடவையும் சீட்டில் உட்காருகிறேன்.

இந்த 2025 கோடை எங்களுக்கு 'குட் பேட் அக்லி'யில் தொடங்கியது. ஏப்ரல் 10, மகாவீர் ஜெயந்தி லீவு. இவர் காலை ஒன்பது மணிக் காட்சிக்கே கூட்டாளிகளோடு போய்விட்டு, மதியம் தொண்டை கட்டிப்போய் வந்து சைகையில் சோறு கேட்டார். அப்புறம் 14ஆம் தேதி, சித்திரை ஒன்றாம் நாள், வேப்பம்பூவும் மாங்காய்ப் பச்சடியுமாகச் சாப்பிட்டுவிட்டுக் குடும்பத்தோடு மறுபடியும். முழுப் பரீட்சை நடந்துகொண்டிருந்த நேரம். பெரியவள் சமூக அறிவியல் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள், திறக்கவில்லை.

கதை தெரிந்ததுதான். ரவுடித்தனத்தை விட்டுவிட்டு ஜெயிலுக்குப் போய் வந்த அப்பா, மகன் சிக்கலில் மாட்டியதும் பழைய ஆளாகத் திரும்புகிறார். ஆனால் தியேட்டர் எழுந்து நின்றது கதைக்காக இல்லை. 'ஒத்த ரூபாயும் தாரேன்' வந்தபோது ஒரு சத்தம், 'இளமை இதோ இதோ' வந்தபோது அதைவிடப் பெரிய சத்தம், 'தொட்டுத் தொட்டுப் பேசும் சுல்தானா' வந்தபோது எனக்குப் பின்னால் இருந்த பையன் என் சீட்டை உதைத்தே உடைத்திருப்பான். அஜித்தின் பழைய படங்களில் இருந்தும் வசனம், சிரிப்பு, நடை என்று எடுத்து எடுத்து ஒட்டியிருந்தார் ஆதிக் ரவிச்சந்திரன். எங்கள் பாஷையில் இதற்குப் பெயர் வெட்டுப்பிட்டு. பத்து வீட்டுத் துணியின் மிச்சத்தைச் சேர்த்துத் தலையணை உறை தைத்தால் பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும். முழுத் துணி எங்கே என்று கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்த வாரமே, தன் பாட்டுகளைப் பயன்படுத்தியதற்கு இளையராஜா வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதாகச் செய்தி வந்தது. பாட்டுக் கம்பெனியிடம் முறைப்படி அனுமதி வாங்கினோம் என்றது தயாரிப்புத் தரப்பு. சட்டம் எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் சொல்வேன்: என் மிஷினுக்கு அடியில் கிடக்கிற வெட்டுத் துணி யாருடையதோ, அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் நான் உறை தைப்பதில்லை.

அன்றைக்குப் பேச்சு தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் திருப்பம் வரைதான் ஓடியது. அதுவும் இவர் மட்டும் பேசினார். அஜித் போட்டிருந்த படம் போட்ட சட்டை மாதிரி ஒன்று தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். தைக்கலாம், போட்டுக்கொண்டு எங்கே போவீர்கள் என்று கேட்டேன். அதோடு முடிந்தது.

மே முதல் தேதி இரண்டு படங்கள் ஒன்றாக வந்தன. 'ரெட்ரோ', 'டூரிஸ்ட் ஃபேமிலி'. சூர்யா இருக்கும்போது சசிகுமாருக்கு யார் டிக்கெட் எடுப்பார்கள்? எங்கள் வீட்டிலும் அதே கணக்குதான். மே 4, ஞாயிற்றுக்கிழமை, கத்திரி தொடங்கிய நாள், மேட்னி, 'ரெட்ரோ'.

இந்தப் படத்தைப் பற்றி நியாயமாக என்னால் எழுத முடியாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் போன தியேட்டரில் (பெயர் வேண்டாம், நாளைக்கும் அங்கேதான் போக வேண்டும்) இடைவேளைக்குப் பிறகு ஏசி நின்றுவிட்டது. முதலில் பின்வரிசையில் விசில், அப்புறம் கத்தல், அப்புறம் டார்ச் லைட்டோடு ஒரு பையன் வந்து "கம்ப்ரசர் போயிடுச்சுண்ணே, பத்து நிமிஷம்" என்றான். பத்து நிமிஷம் படம் முடிகிற வரைக்கும் நீண்டது. பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். கத்திரி வெயில் ஒரு பட்டையாக உள்ளே வந்து திரையில் விழுந்தது. சூர்யா அந்தமான் தீவில் சண்டை போடுகிறார், அவருக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. சின்னவன் சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். எனக்கு முன்சீட்டில் ஓர் அம்மா முறுக்குப் பாக்கெட் அட்டையைக் கிழித்து விசிறிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்.

அதனால் முதல் பாதிக்கு மட்டும் மார்க் போடுகிறேன். சிரிக்கவே தெரியாத ஆள் என்பது நல்ல யோசனை. சூர்யா அதைக் கண்ணிலேயே செய்தார். கல்யாண வீட்டில் 'கனிமா' பாட்டும் சண்டையும் வெட்டே இல்லாமல் நீண்டு போகிற இடத்தில் நான் சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்க மறந்துவிட்டேன். ஒரே ஓட்டமாக, நூல் அறுபடாமல் கீழிருந்து மேல்வரை ஒரு தையல் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவளுக்கு அது மரியாதை வரவைக்கிற காட்சி. இரண்டாம் பாதியில் தீவு, அடிமைகள், அவர்களை மோதவிட்டு வேடிக்கை பார்க்கும் கூட்டம் என்று வேறு படம் ஒன்று தொடங்கியது. வேர்வையில் பாதிதான் புரிந்தது. கார்த்திக் சுப்பராஜ் மேல் தப்பா, கம்ப்ரசர் மேல் தப்பா என்று திருவலஞ்சுழி வரை இவரும் பெரியவளும் சண்டை போட்டார்கள்.

'டூரிஸ்ட் ஃபேமிலி'க்கு எங்களை அனுப்பியது பட்டுப் புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்த ஒரு டீச்சர். வாங்க வந்தவர், கை பிடிக்கிறதா என்று போட்டுப் பார்க்கக்கூட மறந்துவிட்டு, அரைமணி நேரம் படத்தைப் பற்றியே பேசினார். இரண்டாவது வாரம் போனோம். முதல் வாரம் இருந்ததைவிடக் காட்சிகள் கூடியிருந்தன. கோடையில் அதுவே பெரிய சேதி.

பொருளாதார நெருக்கடியில் பிழைக்க வழியில்லாமல் இலங்கையிலிருந்து படகில் கிளம்பி வரும் ஒரு தமிழ்க் குடும்பம். அப்பா சசிகுமார், அம்மா சிம்ரன், இரண்டு பையன்கள். ராமேஸ்வரம் கரையில் இறங்கிய கையோடு போலீஸில் மாட்டுகிறார்கள். அந்த முதல் காட்சியிலேயே சின்னப் பையனின் வாயால் தியேட்டர் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. அப்புறம் சென்னையில் ஒரு காலனி வீட்டில் யாருக்கும் தெரியாமல் குடியிருக்க வேண்டும். வாயைத் திறந்து பேசினால் மாட்டிக்கொள்வார்கள். ஆனால் இவர்களோ பக்கத்து வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் சும்மா இருக்கத் தெரியாதவர்கள். இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு முதல் படம் இது. சண்டை கிடையாது, வெளிநாடு கிடையாது, சட்டையெல்லாம் சாதாரணக் கடைச் சட்டை. சிம்ரன் கட்டியிருந்த காட்டன் புடவையை நானே கட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போகலாம். அதே சிம்ரன் ஏப்ரலில் அஜித் படத்தில் ஐந்து நிமிஷம் வந்துவிட்டுப் போனார், 'வாலி' ஜோடி என்று எல்லாரும் கத்தினார்கள். எனக்கு மே மாதத்துச் சிம்ரன்தான் நிற்கிறார்.

காலனியில் ஒரு வயதான அம்மா இறந்துபோகிறார். அதற்குப் பிறகு வரும் காட்சியில் தியேட்டரே கம்மென்று இருந்தது. எங்கள் தெருவிலும் சாவு விழுந்தால் பந்தல் போடுவது, பால் காய்ச்சித் தருவது எல்லாம் அடுத்த வீட்டுக்காரர்கள்தான். அந்த வேலைகளைப் படத்தில் அப்படியே செய்கிறார்கள். யாரும் வசனம் பேசி அழவைக்கவில்லை, நாற்காலி எடுத்துப் போடுகிறார்கள், அவ்வளவுதான். இவர் மூக்கை உறிஞ்சினார். ஏசி என்றார்.

குறை இல்லாமல் இல்லை. அந்தக் காலனியில் இருப்பவர்கள் எல்லாரும் கடைசியில் தங்கமாகிவிடுகிறார்கள். எந்தத் தெருவில் அப்படி நடக்கும்? எங்கள் தெருவில் குழாயடியில் ஒருத்தி மூன்று வருஷமாக என்னோடு பேசுவதில்லை. போலீஸ் தேடுகிற கதையும் நூல் போட்டுக் கட்டினது மாதிரி, இழுத்தால் கையோடு வந்துவிடும். ஆனால் பாருங்கள், பேச்சு சுந்தரப்பெருமாள் கோயில் தாண்டியது, பாபநாசம் வந்தது, வீட்டில் தோசை வார்க்கும்போதும் ஓடியது. மறுநாள் சின்னவன் "என்னண்டு சொல்லுங்கோவன்" என்று இலங்கைத் தமிழில் பேசி அடி வாங்கினான். 900 ரூபாயும் அன்றைக்குத்தான் ஜீரணமானது.

டாம் க்ரூஸ் படம் சின்னவனுக்காக. பரீட்சையில் கணக்கில் தேறினால் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். 'மிஷன் இம்பாசிபிள்' வரிசையில் எட்டாவதாம், முதல் படம் வந்தது 1996இல். முன்னாலே ஏழில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அமெரிக்காவில் வெளியாவதற்கு ஆறு நாள் முன்பே, மே 17இல், நமக்கு வந்துவிட்டது. பெரியவள் எங்கோ படித்துவிட்டுச் சொன்னாள்: கோடைக்கென்று பெரிய படம் விடுகிற வழக்கமே அங்கே 1975 ஜூனில் வந்த ஒரு சுறாப் படத்தோடு சூடு பிடித்ததாம். ஜூன் எப்படிக் கோடை ஆகும் என்று இவர் கேட்டார். நமக்கு ஜூனில் மேட்டூர் திறந்து நடவு வேலை ஆரம்பமாகிவிடும், அவர்களுக்கு அப்போதுதான் வெயிலே வருகிறது.

தமிழில் பேசவைத்திருந்தார்கள். முதல் ஒரு மணி நேரம் பேச்சு, பேச்சு, பேச்சு. ஒரு வாக்கியத்தை ஒருவர் ஆரம்பிக்கிறார், அடுத்தவர் நடுவைச் சொல்கிறார், மூன்றாமவர் முடிக்கிறார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த சம்பந்திகள் மாதிரி. நான் ஒரு சின்னத் தூக்கம் போட்டேன், ஒன்றும் நஷ்டமில்லை. விழித்தபோது அந்த ஆள் கடலுக்கடியில் மூழ்கிக் கிடக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். வசனமே இல்லை. கப்பல் மெல்ல உருள்கிறது, உள்ளே இருக்கும் குண்டுகளும் சேர்ந்து உருள்கின்றன. சின்னவன் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது.

கடைசியில் விமானச் சண்டை. பழைய காலத்து இரட்டை இறக்கை விமானம். அதன் இறக்கையில் தொங்கிக்கொண்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறார். காற்றில் அவர் கன்னத்துச் சதை அப்படியே பின்னால் ஒதுங்குகிறது. 62 வயது. இவர் அதைப் பார்த்துவிட்டு, டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து வந்தாலே இடுப்பு பிடிக்கிறது, இந்த ஆளுக்கு என்ன எண்ணெய் தேய்க்கிறார்கள் என்றார். பேச்சு பாபநாசம் வரை வந்தது. ஆனால் எல்லாம் அந்த இறக்கையைப் பற்றி மட்டும். கதையை யாரும் எடுக்கவே இல்லை.

இதற்குள் இவருக்கு வேலை வந்துவிட்டது. எங்கள் பக்கம் பம்புசெட் வைத்திருப்பவர்கள் ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திருப்பதில்லை, மே கடைசியிலேயே நாற்று விட்டு உழவுக்கு ஆள் கூப்பிடுவார்கள். ஆகவே 'மாமன்' படத்துக்கு நானும் என் நாத்தனாரும் மட்டும் போனோம்.

சூரியே கதை எழுதி நடித்த படம். அக்காவுக்கு வெகுநாள் கழித்துப் பிறந்த பையன், தாய்மாமன் மேல் உயிர். மாமனுக்கும் அவன் மேல் உயிர். மாமனுக்குக் கல்யாணம் ஆகிறது, பையன் அவர்களுக்கு நடுவில் வந்து படுத்துக்கொள்கிறான். முதலில் சிரிப்பாக இருக்கும், போகப் போக வீட்டில் சண்டை. தாய்மாமன் சீர், காது குத்து, மடியில் உட்காரவைப்பது என்றால் நம் பக்கத்தில் யாருக்குத்தான் தொண்டை அடைக்காது? தியேட்டரில் முக்கால்வாசி பெண்கள். ராஜ்கிரண் வந்து உட்கார்ந்து பேசினால் போதும், கர்ச்சீப் வெளியே வந்துவிடுகிறது.

படம் முடிந்து பஸ்ஸில் ஏறியதும் நாத்தனார் ஆரம்பித்தாள். "அந்தப் பொண்ணு டாக்டர்ங்கிற திமிர்ல பச்சப்புள்ளயப் பிரிக்குது அண்ணி." நான் சொன்னேன், அந்தப் பெண் என்ன தப்புச் செய்தாள், கட்டிக்கொண்டவனோடு ஒரு நாள் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று நினைப்பது பாவமா? ஐஸ்வர்யா லக்ஷ்மி பாத்திரத்துக்காக நான், சுவாசிகா பாத்திரத்துக்காக அவள். தாராசுரத்தில் குரல் உயர்ந்தது. சுந்தரப்பெருமாள் கோயிலில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். நடுவில் "எங்கண்ணனை நீங்க மட்டும் பிரிக்கலியா" என்று ஒரு வார்த்தை வந்து விழுந்தது. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஆக, எங்கள் வீட்டு மார்க் முறையில் ஒரு ஓட்டை இருக்கிறது. பேச்சு நீண்டால் படம் நல்ல படம் என்று இல்லை. 'மாமன்' பேச்சு நான்கு நாள் நீடித்தது, மூன்று நாள் பேசாமல் இருந்ததையும் சேர்த்தால் ஒரு வாரம். ஆனால் படம்? அழுகையை அளவுக்கு மேல் இழுத்துவிட்டார்கள். கைக்குழியில் சுருக்கம் விழுந்தால் அங்கே ஒரு டக் பிடித்து நிறுத்த வேண்டும், இவர்கள் ஜாக்கெட் முழுக்கச் சுருக்கம் வைத்துவிட்டார்கள்.

ஜூன் 2 பள்ளிக்கூடம் திறந்தது. அதற்கு முந்தைய பத்து நாள் நான் மனுஷியாக இல்லை, யூனிஃபார்ம்தான். பேண்ட் 34, பினோஃபார்ம் 50க்கு மேல். அது முடிந்த கையோடு, ஜூன் 5இல் வந்த 'தக் லைஃப்' படத்துக்கு நாத்தனாரே சமாதானமாக டிக்கெட் எடுத்துவிட்டாள். மணிரத்னமும் கமலும் 1987 'நாயகன்'னுக்குப் பிறகு சேர்கிறார்கள், ரஹ்மான் பாட்டு, சிம்பு வேறு. ஜோஜு ஜார்ஜ் மே மாதம் சூர்யாவுக்கு அப்பாவாக வந்தவர், இங்கேயும் இருக்கிறார். ஐஸ்வர்யா லக்ஷ்மியும் இருக்கிறார். த்ரிஷா ஏப்ரலில் அஜித்துக்கு மனைவி, ஜூனில் கமல் பக்கம். ஒரே பாத்தியில் எடுத்த நாற்றை நாலு வயலில் நட்ட மாதிரி இந்தக் கோடை முழுக்க அதே முகங்கள்.

நாங்கள் இருவரும் போனது உண்மையில் 'முத்த மழை' பாட்டுக்காக. சின்மயி மேடையில் பாடியதைப் போனில் எத்தனை தடவை கேட்டிருப்பேன், ஓவர்லாக் அடிக்கும்போதெல்லாம் அதுதான். இப்போது வரும், இப்போது வரும் என்று இடைவேளையில் வெளியே போகாமல்கூட உட்கார்ந்திருந்தோம். கடைசி வரை வரவில்லை. விளக்குப் போட்டதும் நாத்தனார், "அண்ணி, நாம தூங்கிட்டமா?" என்றாள். இல்லை, பாட்டே படத்தில் இல்லை.

பாட்டை விடுங்கள். வளர்த்த அப்பனுக்கும் வளர்ந்த பையனுக்கும் பகை என்றால், அவர்கள் முன்னால் எவ்வளவு பாசமாக இருந்தார்கள் என்று நாம் பார்த்திருக்க வேண்டும். அதை 'ஜிங்குச்சா' பாட்டில் ஓட்டிவிட்டு நேராகத் துரோகத்துக்குப் போய்விட்டார்கள். அபிராமி வருகிற இடங்களில் மட்டும் ஒரு வீடு தெரிந்தது. மற்றபடி நல்ல பட்டு, நல்ல லைனிங், பேர்போன மாஸ்டர், அளவு ஜாக்கெட் மட்டும் வேறு யாருடையதோ. பஸ்ஸில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கினோம். உப்புக் காரம் சரியாக இருக்கிறதா என்பதுதான் அன்றைய பேச்சு.

12ஆம் தேதி மேட்டூர் திறந்தார்கள், 15ஆம் தேதி கல்லணை. போன வருஷம் ஜூலை 28 வரை காத்திருந்தோம், இந்த வருஷம் சொன்ன தேதிக்கு வந்துவிட்டது. இவர் இனி நடவு முடிகிற வரை தியேட்டர் பக்கம் வர மாட்டார். இருக்கிற படங்கள் ஒவ்வொன்றாகப் போனுக்கு வந்துகொண்டிருக்கின்றன. 'டூரிஸ்ட் ஃபேமிலி' ஜூன் 2ஆம் தேதியே ஜியோஹாட்ஸ்டாரில் வந்துவிட்டது. தியேட்டருக்கு வரவே மாட்டேன் என்கிற என் மாமியாருக்குப் போன வாரம் போட்டுக் காட்டினேன்.

அத்தைக்குப் பிறந்த ஊர் வேதாரண்யத்துக்குத் தெற்கே கோடியக்காடு. சின்ன வயதில் அங்கே இலங்கை வானொலிதான் தெளிவாகக் கேட்குமாம். அந்தப் பேச்சு அவருக்குப் பாட்டு மாதிரி. போனைத் தையல் மிஷின் மேல் சாய்த்து வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கால் மணி நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "அப்பங்காரன் பேச்சுல மதுரை வருதேடி" என்றார். சசிகுமாருக்கு ஊர் அதுதான் அத்தை என்றேன். "அப்ப சரி, பாவம்" என்று மறுபடி மூடிக்கொண்டார். அந்த வயதான அம்மா இறக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் சார்ஜ் தீர்ந்துபோனது. மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று படுத்துவிட்டோம்.

காலையில் ஐந்தரைக்கு எழுப்பி, போன் சார்ஜ் ஏறிவிட்டதா என்று கேட்டார்.